கீழிருந்து மேலே படிக்கிறவர்

என் அருமை ஊமைக்கோட்டானுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் பொய்யோடு ஒரு கடிதத்தை ஆரம்பிப்பானேன்? நான் நலம். உன் அத்தான் நலம். அவருடைய குறட்டை அதைவிட நலம். மற்றபடி உன் வீட்டுக்காரர் ஒருவரால் அச்சகத்தில் யாருமே நலமாக இல்லை.

போனில் கேட்டால், "சரிக்கா, சரிக்கா, அம்மா கூப்பிடறாங்கக்கா" என்று வைத்துவிடுகிறாய். நீ பார்த்துக்கொள்கிற அந்த நோயாளி அம்மா என் குரலைக் கேட்ட பிறகுதான் கூப்பிடுவார் போலிருக்கிறது. அதனால்தான் கடிதம். இதை நடுவில் வைத்துவிட முடியாது பார். வேண்டுமானால் கிழிக்கலாம். கிழித்தாலும் ஒட்டிவிடுவேன், இத்தனை காலம் பைண்டிங் மேஜையில் சும்மாவா பசை கிளறினேன்?

எங்கள் அச்சகத்துக்கு ஒரு இங்கிலீஷ் கைடு வேலை வந்திருக்கிறது. பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், பழகினால்தான் பங்காளிகள் என்று தெரியும். அப்படிப்பட்ட வார்த்தைகளாகத் தேடிப் பிடித்து ஒரு புத்தகம் முழுக்க நிரப்பியிருக்கிறார் யாரோ ஒரு வாத்தியார். 'இன் டைம்' என்று ஒன்று, 'ஆன் டைம்' என்று ஒன்று. 'இன் தி எண்ட்' என்று ஒன்று, 'அட் தி எண்ட்' என்று ஒன்று. இதற்குப் புரூஃப் பார்க்கிறவர் யார்? உன் வீட்டுக்காரர். குரங்கு கள்ளையும் குடித்து, அதைத் தேளும் கொட்டின கதைதான்.

போன வாரம் மிஷின்காரர் வேலைக்குத் தாமதமாக வந்தார். முதலாளி கத்த ஆரம்பித்தார். வழக்கமாகக் கொஞ்சம் கத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். நடுவில் உன் வீட்டுக்காரர் புகுந்து, "முதலாளி, அவரு ஆன் டைம் வரலை, ஆனா இன் டைம் வந்துட்டாரு" என்றார். அவ்வளவுதான், கத்தல் புதிதாக ஆரம்பித்தது. வாங்கிக் கட்டிக்கொண்டது மிஷின்காரர். அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். என் வாய் மூடுகிற வாயா? இரண்டுக்கும் என்ன வித்தியாசம் மாப்பிள்ளை என்று கேட்டுத் தொலைத்தேன். "மணி அடிக்கிறப்ப வந்து நின்னா ஆன் டைம்கா. பால் பொங்கி வழியறதுக்கு முன்னாடி வந்துட்டா இன் டைம்" என்றார். அடுப்பில் பாலை வைத்தவளுக்கு இதற்கெல்லாம் இங்கிலீஷ் எதுக்கு என்றேன். சிரிக்கவில்லை. டீ ஆறிப் போகும்வரை 'அட் தி எண்ட்' என்றால் புத்தகத்தின் கடைசிப் பக்கம், 'இன் தி எண்ட்' என்றால் என்னென்னவோ நடந்து கடைசியில் என்ன ஆனது என்பது, என்று எனக்குப் பாடம் நடத்தினார். கடைசியில் என்ன ஆனது தெரியுமா? என் டீயில் ஆடை படர்ந்துவிட்டது.

உன் வீட்டுக்கும் போயிருந்தேன். சமையலறைக் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அடியில் நீ வைத்துவிட்டுப் போன அதே பாத்திரம். பக்கத்திலேயே தட்டையும் புரூஃபையும் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார். எந்தக் கை சோற்றில், எந்தக் கை பேனாவில் என்று அவருக்கே தெரியாது. ஆனால் ஒன்று, நீ வாசலில் விட்டுப்போன பழைய செருப்பைத் துடைத்து ஓரமாக வைத்திருக்கிறார். ஏன் என்று கேட்டால் தூசியாம்.

இனி முக்கியமான விஷயம். தினமும் தபால்காரரை வழிமறித்து, "எனக்கு ஒண்ணும் இல்லையா?" என்று கேட்கிறார். பாவமாக இருந்தது. நீங்கள் முதலில் எழுதினால்தானே அவள் பதில் போடுவாள் என்றேன். "அவ லெட்டர் வந்த மறுநாளே அனுப்பிட்டேனேக்கா" என்றார். என்ன எழுதினீர்கள் என்றேன். "எழுதலைக்கா. அவ லெட்டரைத் திருத்தி அனுப்பினேன்" என்றார்.

பசைக் கையோடு தலையில் அடித்துக்கொண்டேன். இன்னும் முடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பெண்டாட்டி கடிதத்தைப் புருஷன் ஒளித்து வைப்பான், கோபம் வந்தால் கிழிப்பான், யாரும் பார்க்காவிட்டால் முத்தம்கூடக் கொடுப்பான். சிவப்புப் பேனாவால் திருத்தித் திருப்பி அனுப்பிய ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன். அதில் பெருமை வேறு. "அவ எழுதின முதல் இங்கிலீஷ் லெட்டர்க்கா, பிரமாதம். இந்த இன், ஆன், அட் மட்டும்தான் கொஞ்சம் தகராறு" என்கிறார். சரி, என்னதான் எழுதியிருந்தாள் என்றால் பேந்தப் பேந்த விழிக்கிறார். ஏதோ வேலை பற்றியாம்.

உனக்குக் காண்ட்ராக்ட் முடிகிறது, இன்னொரு காண்ட்ராக்ட்டுக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று நீதான் போனில் சொன்னாய். வருகிறாயா இல்லையா என்று நான் கேட்டதற்கு, "அவருதான் பதில் சொல்லிட்டாரேக்கா, போட்டுடறேன்" என்றாய். இந்த மனுஷன் எங்கே பதில் சொன்னார்? தனக்கே தெரியாமல் ஒருவர் பதில் சொல்ல முடியுமா? அந்தக் கடிதத்தை எனக்கு அனுப்பு. அதுவரைக்கும் கையெழுத்துப் போடாதே. கை சுளுக்கிக்கொண்டது என்று சொல். நம்பாவிட்டால் என் பேரைச் சொல், நம் வீட்டுப் பெண்களுக்குப் பரம்பரையாகச் சுளுக்கு உண்டு என்று நான் சாட்சி சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். வாயைத் திறந்து பேசு.

இப்படிக்கு,
உனக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருக்கும் அக்கா


அன்புத் தங்கச்சிக்கு,

உன் கவர் வந்தது. பிரித்தால் உள்ளே அந்தக் கடிதம் மட்டும். எனக்கென்று ஒரு வரி கிடையாது. 'அக்காவுக்கு' என்று மேலே எழுதினால் மை தீர்ந்துவிடுமா? சரி போகட்டும். கடிதத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் மறந்துவிட்டது. அம்மை போட்ட குழந்தை மாதிரி உடம்பெல்லாம் சிவப்பு.

எனக்கு அதில் ஒரு எழுத்தும் புரியாது. இங்கிலீஷ் புத்தகத்தைத் தைக்கத் தெரியும், மடிக்கத் தெரியும், தலைகீழாக அட்டை போட்டால் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கத் தெரியும், அவ்வளவுதான். அதனால் சாப்பாட்டு நேரத்தில் மிஷின் நின்றதும் உன் வீட்டுக்காரரை பைண்டிங் அறைக்குக் கூப்பிட்டேன். மிஷின்காரர் மூலையில் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். நான் கடிதத்தை மேஜையில் வைத்து, "எனக்குத் தமிழ்ல படிச்சுச் சொல்லுங்க மாப்பிள்ளை" என்றேன்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? நேரே கடைசி வரியில் விரலை வைத்தார்.

அது ஏன் என்று கேட்டேன். அப்போதுதான் உன் குடித்தனத்தின் ரகசியமே எனக்கு விளங்கியது. புரூஃப் பார்க்கிறவர்கள் மேலிருந்து கீழே படித்தால் விஷயத்துக்குள் விழுந்துவிடுவார்களாம். விழுந்தால் பிழை கண்ணுக்குத் தெரியாதாம். அதனால் கடைசி வாக்கியத்தில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக மேலே ஏறி வருவாராம். "அப்பதான் அர்த்தம் மண்டைல ஏறாதுக்கா, வார்த்தை மட்டும் தெரியும்" என்று பெருமையாகச் சொன்னார். என் தங்கச்சி கடிதத்தையும் அப்படித்தான் படித்தீர்களா என்றேன். "பழக்கமாயிடுச்சுக்கா" என்றார்.

அவர் விரலைப் பிடித்து முதல் வரியில் கொண்டுபோய் வைத்தேன். மனுஷன் மாதிரி மேலிருந்து கீழே வாருங்கள் என்றேன்.

வந்தார். நீ நன்றாக இருப்பதாக வந்தது. அந்த அம்மா இப்போது எழுந்து உட்கார்வதாக வந்தது. சாயங்கால வகுப்பில் இங்கிலீஷ் கற்பதாக வந்தது. அதற்கு அடுத்ததை வாய்விட்டுத் தமிழில் சொன்னார். "இதை ஏன் இங்கிலீஷ்ல எழுதறேன்னா, அந்தப் புரூஃப் பேப்பரையெல்லாம் நீங்க எவ்வளவு கவனமாப் பாக்கறீங்களோ, அவ்வளவு கவனமா இதையும் பாப்பீங்கன்னுதான்." சொல்லிவிட்டு அவரே ஒரு தடவை அந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார். மூலையில் மிஷின்காரர் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

பிறகு காண்ட்ராக்ட் விஷயம் வந்தது. நீங்கள் வா என்றால் வருகிறேன், வேண்டாம் என்றால் இங்கேயே இருக்கிறேன் என்று. அதற்கும் கீழே ஒரு வரி. அங்கே வந்ததும் தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். என்ன மாப்பிள்ளை, மை அழிந்திருக்கிறதா என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினார். நீ 'ஆன்' போட்டிருந்தாயாம், அதை அடித்துவிட்டு இவர் 'இன்' போட்டிருந்தாராம். அது என்ன பெரிய வித்தியாசம் என்றேன். "'ஆன் தி வே'ன்னா போற வழியில இருக்கறதுக்கா. 'இன் தி வே'ன்னா... வழியை அடைச்சுக்கிட்டு நிக்கறது" என்றார். அவள் எதைச் சொல்ல வந்தாள் என்றேன். "ரெண்டாவதைத்தான். 'யோசிச்சுப் பாத்தா நான் எப்பவும் உங்களுக்கு இடைஞ்சலாத்தான் இருந்திருக்கேன்'னு எழுதியிருக்கா" என்றார்.

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. நான் உங்களுக்கு இடைஞ்சல் என்று நீ எழுத, இடைஞ்சலை இப்படி எழுதக் கூடாது, இப்படித்தான் எழுத வேண்டும் என்று சிவப்பில் திருத்தி, கவர் ஒட்டி, தபால்தலையும் ஒட்டி அனுப்பியிருக்கிறார் இந்த மகானுபாவர்! அதைத்தான் நீ பதில் என்று எடுத்துக்கொண்டாய். உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானாக இருந்தால் அந்தச் சிவப்புப் பேனாவை எங்கே சொருகுவது என்று எழுதி அனுப்பியிருப்பேன்.

"படிச்சேனேக்கா, நாலு தடவை பாத்தேனே. ஆனா இதைப் படிக்கவே இல்லையே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நல்ல கிண்டல் ஒன்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு முழுங்கிவிட்டேன். எனக்கு அது பழக்கமில்லாத வேலை, இன்னும் தொண்டை வலிக்கிறது.

அவருக்காகப் பரிந்து பேசுகிறேன் என்று நினைக்காதே. நீ பேசும்போது அவர் 'ம்' என்பதையும், நீ பேசி முடித்து எழுந்து போன பிறகும் 'ம்' என்பதையும் நான் உன் வீட்டில் உட்கார்ந்து பார்த்தவள். சுவரோடு குடித்தனம் நடத்தினால் சுவராவது எதிரொலிக்கும். நீ ஏன் அவ்வளவு தூரம் வேலைக்குப் போனாய் என்று சம்பளத்தை வைத்துக் கணக்குச் சொல்கிறவர்கள் சொல்லட்டும். எனக்குத் தெரியும்.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். அவர் பதில் எழுதுகிறேன் என்கிறார். இந்தத் தடவை நிஜமான பதில். அது வரும் வரைக்கும் சுளுக்கு ஆறவில்லை என்று சொல்.

இப்படிக்கு,
தொண்டை வலியோடு அக்கா


தங்கச்சிக்கு,

ஓரத்தில் கறை இருந்தால் கண்ணீர் என்று நினைத்து நீயும் அழ ஆரம்பித்துவிடாதே. பசைதான்.

உன் வீட்டுக்காரர் பதில் எழுதுகிற அழகை என்னவென்று சொல்ல? நீ இங்கிலீஷில் எழுதினதால் தானும் இங்கிலீஷில்தான் எழுதுவாராம், அதுதான் மரியாதையாம். முதல் வார்த்தையிலேயே வண்டி நின்றுவிட்டது. நேரே என் மேஜைக்கு வந்து, "அக்கா, கல்யாணமான புதுசுலன்னு சொல்லணும். இன் தி பிகினிங்கா, அட் தி பிகினிங்கா?" என்றார். "இன்னோ அட்டோ, அந்தப் புதுசுலயாவது அவகிட்ட பேசுனீங்களா?" என்றேன். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போனார். மறுபடி வந்தார். கடைசியில் என்பதற்கு எது என்றார். ஆரம்பமே ஆகவில்லை, அதற்குள் கடைசிக்கு என்ன அவசரம் என்றேன். அதையும் கிழித்தார். என் மேஜைக்கு அடியில் இருக்கிற கழிவுத் தாள் கூடையில் பாதி உனக்கு வந்திருக்க வேண்டிய கடிதம்தான். கூட்டுகிற அம்மா என்னைத்தான் முறைக்கிறார்.

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து. அன்றிலிருந்து அவர் எல்லாவற்றையும் மேலிருந்து கீழே படிக்க ஆரம்பித்துவிட்டார்! படித்தால் என்ன ஆகும்? விஷயத்துக்குள் விழுந்துவிடுகிறார். அந்த கைடில் உதாரணத்துக்கு ஒரு வாக்கியம் வருமாம், ரயில் கிளம்புவதற்குள் அவள் வந்து சேர்ந்துவிட்டாள் என்று. யார் அந்த அவள், எங்கிருந்து வந்தாள், வழியனுப்ப யாராவது வந்தார்களா என்று அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதற்கு அடுத்த பக்கத்தில் ஒரே தலைப்பு இரண்டு தடவை அச்சாகியிருப்பது கண்ணுக்குத் தெரியவில்லை. முதலாளி தாளைக் கொண்டுவந்து என் மேஜையில் அடித்து, "உங்க மாப்பிள்ளைக்கு என்னம்மா ஆச்சு?" என்றார். "இப்பத்தான் படிக்கக் கத்துக்கிட்டாருங்க" என்றேன். முதலாளிக்குப் புரியவில்லை. மிஷின்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஆனால் சிரிக்கிற விஷயமில்லை இது. இன்னும் ஒரு புத்தகம் இப்படிப் போனால் அவர் வேலை போய்விடும், அச்சகத்துக்கும் புத்தகம் வராது, அப்புறம் எனக்குத் தைக்கவும் ஒன்றும் இருக்காது.

இன்று காலையில் ஒரு கவரோடு வந்தார். முகம் தெளிவாக இருந்தது. எழுதி முடித்தாயிற்றா என்று ஆசையாக வாங்கிப் பார்த்தால், உன்னுடைய அதே பழைய கடிதம்! நீ அவருக்கு, அவர் உனக்கு, நீ எனக்கு, இப்போது மறுபடியும் உனக்காம். அது கடிதமா, இல்லை ஊர் சுற்றப் புறப்பட்ட ஆளா? எனக்கு வந்த ஆத்திரத்தில் பசைக் குச்சியை ஓங்கிவிட்டேன். "நல்லாப் பாருங்கக்கா" என்றார். பார்த்தேன். அவர் போட்ட சிவப்பையெல்லாம் அவரே அடித்திருந்தார். அந்த ஒரு வரியில், நீ முதலில் எழுதின வார்த்தைக்குக் கீழே வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள்.

இது என்ன, எறும்பு ஊர்ந்ததா என்றேன். "நாங்க தப்பாத் திருத்திட்டோம்னா அப்படித்தான்கா புள்ளி வைப்போம். திருத்தினதை விட்டுடுங்க, முன்னாடி இருந்ததே இருக்கட்டும்னு அர்த்தம்" என்றார். ஆனால் அவள் எழுதினது பிழை என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றேன். கொஞ்ச நேரம் என் மேஜையில் கிடந்த நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "அவ சொல்ல வந்ததுதான்கா பிழை. கை தவறி எழுதினாளே, போற வழியிலன்னு, அதுதான் சரி" என்றார். சொல்லிவிட்டுக் காது வரைக்கும் சிவந்துபோனார்.

தங்கச்சி, நான் அதிகம் படிக்காதவள். அந்தப் புள்ளிகளை நீ பார்த்தால் போதுமா, போதாதா என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை தாளைப் பாழாக்கினதற்கு மிச்சம் இந்த எறும்பு வரிசைதானா என்று எரிச்சலாகவும் இருந்தது. "புள்ளியை வச்சுக்கிட்டு அவ என்ன பண்ணுவா, எண்ணிக்கிட்டு உட்காந்திருப்பாளா? அடியில தமிழ்ல ஒரு வரி எழுதுங்க. எழுதாம இந்த இடத்தை விட்டு நகரக் கூடாது" என்று கதவை மறித்து நின்றேன். அப்போது நான் இன் தி வேயா ஆன் தி வேயா என்று அவர் கேட்கவில்லை, பிழைத்தார்.

அட்டைக்கு அளவு குறிக்கிற என் பென்சிலை எடுத்து எழுதினார். இவருக்கு இங்கிலீஷில்தான் அவ்வளவு கறார். தமிழில் சின்ன 'ல', பெரிய 'ள' எல்லாம் சொந்தக்காரர்கள், எது எங்கே போய் உட்கார்ந்தாலும் கண்டுகொள்ள மாட்டார். எழுதி என் கையில் கொடுத்துவிட்டு வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்தார். "ஒரு வார்த்தை மட்டும் மாத்தித் தந்துடறேன்கா" என்றார். எந்த வார்த்தை? "'வந்துடு'ன்னு எழுதிட்டேன். உத்தரவு போடற மாதிரி இருக்கு. 'வரலாம்'னு போட்டா நல்லா இருக்குமா? இல்லை, 'வந்தால் நல்லது'ன்னு..."

போய்த் தொலையட்டும் என்று நினைத்தேனே, தமிழிலுமா ஆரம்பித்துவிட்டார்! மிஷின்காரர் டீ குடிக்கப் போகிற வழியில் போட்டுவிட எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று சொன்னேன். பொய். பசைச் சட்டிக்கு அடியில்தான் வைத்திருந்தேன். இப்போது அந்த மனுஷன் தெருமுனைத் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறார், பெட்டியைத் திறக்க வருகிறவரிடம் கெஞ்சித் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டேதான் எழுதுகிறேன். பெட்டியின் வாய்க்குள் எட்டி எட்டிப் பார்க்கிறார். நிற்கட்டும். நீ அவர் பதிலுக்காக நின்றாயே, அதில் கொஞ்சமாவது அவரும் நிற்கட்டும். இதை நான் பின்வாசல் வழியாகப் போய்ப் பெரிய தபால் நிலையத்தில் சேர்த்துவிடுவேன்.

உன் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். புள்ளி வைத்த இடத்தைப் பார். அதற்கு அடியில் பென்சில் வரியைப் படி. அந்த வார்த்தை வழியில் அழிந்துவிடக் கூடாதென்று மேலே மெல்லிசாகப் பசை தடவிக் காயவைத்திருக்கிறேன், இனி அவராலேயே அழிக்க முடியாது. அதற்குப் பிறகும் அங்கேயே இருப்பது என்று உனக்குத் தோன்றினால் உன் இஷ்டம், நான் கேட்க மாட்டேன். கேட்காமல் எத்தனை நாள் இருப்பேன் என்பது வேறு விஷயம்.

எங்கே இருந்தாலும் நன்றாக இரு என்று மூத்தவர்கள் வாழ்த்துவார்கள். எனக்கு அப்படி வாழ்த்த மனம் வரவில்லை. இங்கே வந்து நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் அக்கா